எட்டு முகம்

"பிக்கப் இல்லண்ணா."

கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைப்பதற்குள் அவர் சொன்னது இதுதான். வணக்கமெல்லாம் அப்புறம் வந்தது.

இந்த வார்த்தையை நான் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆக்சிலரேட்டரை மிதித்தும் வண்டி ஓட மாட்டேன் என்றால் சொல்ல நம் ஊரில் இருப்பது இந்த ஒரு சொல்தான். ஆனால் அதற்குள் ஐந்தாறு சீக்கு இருக்கும். மிதித்தவுடன் ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு பாய்கிற வண்டிக்கும் பிக்கப் இல்லை என்பார்கள். தயக்கமே இல்லாமல், ஆனால் செங்கல் லோடு ஏற்றின மாதிரி மெதுவாக ஏறுகிற வண்டிக்கும் அதேதான். மூவாயிரம் சுற்று வரை ஒழுங்காக வந்து அதற்கு மேல் மூச்சு முட்டுகிற வண்டி ஒன்று. எஞ்சின் கத்த, வண்டி மட்டும் நகராதது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் கார்பரேட்டர். இரண்டாவது டைமிங்காக இருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவதில் பெட்ரோல் வரத்தையும் சைலன்சரையும் பார்க்க வேண்டும். நான்காவது கிளட்ச். அதனால் இந்தச் சொல்லைக் கேட்டதும் நான் பானட்டைத் தூக்குவதில்லை. டீ சொல்லுவேன். "எப்படி இல்லை?" என்று கேட்பேன்.

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "தெரியலண்ணா. ஸ்போர்ட்ஸ் கார்னு வாங்கினேன். என் வீட்ல நிக்கிற சின்ன வண்டி இதைவிட நல்லாப் போகுது."

வந்து நின்ற வண்டி 1966-ஆம் வருஷத்து எம்.ஜி.பி. கூரையில்லாத இரண்டு சீட்டு வண்டி, கம்பிச் சக்கரம், சிவப்புப் பெயின்ட் வெளுத்து ஆரஞ்சு பக்கம் சாய்ந்திருந்தது. தெருவில் நின்று பார்த்த பெரியவர் ஒருவர், "எம்.ஜி.ன்னா எம்.ஜி.ஆர். வண்டியா?" என்று நிஜமாகவே கேட்டார். என்னிடம் வேலை பழகும் பையனுக்கோ எம்.ஜி. என்றால் இப்போது ஷோரூமில் விற்கிற பெரிய வண்டிதான். இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை இந்த எம்.ஜி.பி. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். நம் நாட்டில் இருப்பது கொஞ்சம்தான். அந்தக் காலத்தில் வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் கொண்டுவந்த வண்டிகளை அரசு வர்த்தகக் கழகம் வழியாக ஏலத்தில் விடுவார்கள். இதுவும் அப்படி வந்ததுதான் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில் பல வருஷம் இருந்திருக்கிறது. அவர் காலமானபின் மூன்று வருஷம் ஷெட்டில் நின்று, பிள்ளைகள் விற்க, இவர் வாங்கி லாரியில் ஏற்றி மெட்ராஸ் கொண்டுவந்திருக்கிறார். எந்த ஊரிலிருந்து என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எனக்குப் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

புதிதாக வாங்கின பழைய வண்டியில் இருக்கிற தொல்லை இதுதான். பத்து வருஷமாக ஒரே ஆள் ஓட்டின வண்டி என்றால், "போன தீபாவளிக்கு மேம்பாலத்துல டாப் கியர்லயே ஏறிச்சு, இப்ப தேர்டு கேக்குது" என்று சொல்லுவார். அது போதும் எனக்கு. இவருக்கு ஒப்பிட ஒன்றும் கிடையாது. நல்லாயிருந்தபோது அந்த வண்டியை அவர் ஓட்டியதே இல்லை. வண்டி கெட்டுப்போயிருக்கிறதா, அல்லது அதன் இயல்பே அவ்வளவுதானா என்பதை முதலில் தீர்க்க வேண்டும்.

இயல்பு என்ன என்பது எனக்கு ஓரளவு தெரியும். எம்.ஜி.பி. எஞ்சின் 1,798 சிசி, 95 குதிரை. பூஜ்யத்திலிருந்து மணிக்கு அறுபது மைல் எட்ட, நன்றாக இருக்கும்போதே பன்னிரண்டு செகண்டு வரை எடுத்துக்கொள்ளும். இன்றைக்கு டர்போ வைத்த சாதாரணக் குடும்ப வண்டி அதை முந்திவிடும். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. "ஆனா சார், இதுக்கு இழுவை கீழேயே இருக்கணும். மூவாயிரம் சுத்துலயே முழு பலமும் வந்துடும். பொறுமையா ஓட்டினாக்கூட முதுகைப் பிடிச்சுத் தள்ளணும். தள்ளுதா?" என்றேன். தள்ளவில்லை என்றார். அதுவரை நான் வண்டியைத் தொடவில்லை.

கெட்டது எவ்வளவு என்று சொல்ல ஓர் அளவு வேண்டும். மனசுக்குப் பட்டதை அளவாக எடுத்துக்கொண்டால் ரிப்பேர் முடிந்த அன்று எல்லா வண்டியும் பறக்கும், பில் கொடுத்த மறுநாள் எல்லா வண்டியும் படுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முட்டுக்காடு தாண்டி கிழக்கு கடற்கரைச் சாலையில் ஆளில்லாத இடத்தில் போய், தேர்டு கியரில் முப்பது மைலிலிருந்து ஐம்பது மைல் வரை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். போகும்போது இரண்டு தரம், காற்றுக்கு எதிரே திரும்பி வரும்போது இரண்டு தரம். சராசரி பதினொரு செகண்டு. ஆறு, ஆறரையில் முடிய வேண்டியது. ஆக, சீக்கு இருக்கிறது. நோட்டில் 11 என்று எழுதிக் கோடு போட்டேன்.

அதன் பிறகு நான் செய்த முதல் வேலை டிரைவர் பக்கம் குனிந்து கார்ப்பெட்டைத் தூக்கினது. ஏன் என்பதற்கு ஒரு கதை உண்டு.

1987-இல் ராயப்பேட்டையில் ஒரு ஷெட்டில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஜி.பி. ரோடு நடக்கிற தூரம். ஸ்பேர் வாங்கி வர ஓடுவதுதான் பாதி வேலை. வக்கீல் ஒருவரின் அம்பாசடர் பிக்கப் இல்லை என்று வந்தது. வாத்தியார் ஊரில் இல்லை. நானே பார்த்துவிடுகிறேன் என்று கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பாயின்ட், கன்டென்சர் மாற்றினேன். டேப்பட் அடித்தேன். பெட்ரோல் பம்பை இறக்கினேன். நான்கு நாள். வண்டி இம்மிகூட மாறவில்லை. ஐந்தாம் நாள் வாத்தியார் வந்தார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினார், இறங்கினார், காலடியில் கிடந்த புதுத் தேங்காய் நார் மிதியடியைச் செருப்புக் காலால் வெளியே தள்ளினார். "இப்ப ஓட்டிப் பாருடா." மிதியடி தடித்ததில் பெடல் பாதிக்கு மேல் இறங்கவே இல்லை. அந்த மிதியடியை ஒரு மாசம் ஷெட்டில் ஆணியடித்து மாட்டி வைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் என்னைக் காட்டிக் கதை சொல்லுவார்.

எம்.ஜி.பி.யில் கார்ப்பெட் நிரபராதி. பையனைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, ஏர் ஃபில்டரைக் கழற்றி உள்ளே பார்த்தேன். இரண்டு கார்பரேட்டரிலும் பட்டர்ஃப்ளை முழுசாகப் படுத்தது.

மற்றதெல்லாம் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. நியூட்ரலில் வைத்து ஒரு கையால் தள்ளினால் வண்டி உருண்டது. ஆக பிரேக் பிடிக்கவில்லை. டாப் கியரில் மிதித்தபோது ஆர்.பி.எம். முள் தனியாக ஏறவில்லை, கிளட்ச் சரி. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் 150 பவுண்டுக்கு மேல், ஒன்றுக்கொன்று பத்துக்குள். இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் பின்னால் இருக்கும், மின்சாரத்தில் டிக் டிக் என்று அடிக்கும். கார்பரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி பாட்டிலில் விட்டேன். நிமிஷத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் வந்தது. சைலன்சர் வாயில் கையை வைத்தால் தள்ளியது.

எஞ்சினைப் பார்த்துப் பையன் சொன்னான்: "அண்ணே, இது அம்பாசடர் மாதிரியே இருக்கு." கெட்டிக்காரன். மாதிரி என்ன, பங்காளிதான். அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினும் இதுவும் பி.எம்.சி. கம்பெனியின் 'பி சீரீஸ்' என்ற ஒரே குடும்பம். ஃபயரிங் ஆர்டர் அதே 1-3-4-2. கார்பரேட்டரும் மானிஃபோல்டும் ஒரே பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப் பக்கம். லண்டனில் இந்த வண்டிக்கு ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு போட்டு மணிக்கணக்கில் காசு வாங்குகிறார்களாம். நம் டாக்சி ஸ்டாண்டுப் பக்கம் வளர்ந்த எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு இதில் கை வைக்கலாம். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் 1961-இல் தொடங்கினார்கள். அந்த வகை டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துப் பிரித்துத்தான் எங்கள் தலைமுறைக்கு விரல் பழகியது.

அந்தப் பழக்கத்தில் மூடியைத் திறந்து ரோட்டாரைப் பிடித்தேன். பி சீரீஸில் அது கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும். அந்தத் திசையில் விரலால் கொஞ்சம் திருகி விட்டால் உள்ளே இருக்கிற ஸ்ப்ரிங் அதைச் 'சட்'டென்று பழைய இடத்துக்கு இழுக்க வேண்டும். இது சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்தது.

விஷயம் என்னவென்றால், பெட்ரோல் எரிந்து முடிய நேரம் ஆகும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குப் பத்து டிகிரி முன்னால் ஸ்பார்க் விழுந்தால் போதும். மூவாயிரம் சுற்றில் அதே நேரத்துக்குள் பிஸ்டன் ரொம்ப தூரம் போய்விடும். அதனால் ஸ்பார்க்கை இன்னும் முன்னால், ஏறக்குறைய முப்பது டிகிரியில் கொளுத்த வேண்டும். அதைச் செய்ய டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்ட் தட்டுக்குக் கீழே, இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்ப்ரிங்குகளும் இருக்கின்றன. சுற்று ஏற ஏற எடைகள் விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும். ரோட்டாருக்கு அடியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட யாருக்கும் ஞாபகம் இருக்காது. விடாவிட்டால் தண்டு துருவேறி இறுகிவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் அழகாக நிற்கும், மிதித்தால் மட்டும் செத்துவிடும்.

ஆனாலும் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. இந்த வருஷத்து எம்.ஜி.பி.யில் டைமிங் முள் கிராங்க் புல்லிக்கு அடிப்பக்கம் இருக்கும். தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். அந்த முள்ளில் பத்து டிகிரி வரைதான் இருக்கும். முப்பதுக்கு நானே குறி போட வேண்டும். இதற்கு வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். புல்லியைச் சுற்றி ஒரு காகித நாடாவைச் சுற்றி ஒரு முழுச் சுற்று அளவுக்கு வெட்டிக்கொள்வது. அதைப் பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்து, பிறகு மூன்றாக மடித்தால் பன்னிரண்டு பங்கு. ஒரு பங்கு முப்பது டிகிரி. புல்லியின் வெட்டுக் குறியிலிருந்து அந்த தூரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. புரொட்ராக்டர் எல்லாம் இங்கே வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் அந்தப் பையனுக்குச் சொன்னேன், இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். நம் பழக்கத்தில் கறுப்பு வயரை பாடியில் கடித்தால் டைமிங் லைட் புகைந்துவிடும். நான் தனியாக ஒரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்து லைட்டுக்கு அதிலிருந்து கரென்ட் கொடுப்பேன்.

வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு லைட்டை அடித்தோம். ஐடிலில் பத்து. பையன் மூவாயிரத்துக்கு ஏற்றினான். அதே பத்து. சாக்பீஸ் கோடு முள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கி, பிரித்து, ஒரு ராத்திரி கெரசினில் ஊற வைத்து, துருவைத் தேய்த்து, எண்ணெய் போட்டுச் சேர்த்தேன். ரோட்டார் 'சட்'டென்று திரும்பியது. லைட்டில் மூவாயிரத்துக்கு முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. நெடுஞ்சாலையில் 11 என்று இருந்தது எட்டரை ஆனது. அவருக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிடச் சந்தோஷம். அரை நிமிஷத்தில் விரலாலேயே கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா! பில் போட்டு அனுப்பிவிட்டேன். ஆறரைக்கு வர வேண்டியது எட்டரையில் நிற்கிறதே என்று அன்றைக்கு நோட்டைப் பார்த்து நான் கேட்டுக்கொள்ளவில்லை. எஞ்சினுக்கு வயசாகிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அவர் வந்தார். இந்தத் தடவை 'பிக்கப் இல்லை' என்று சொல்லவில்லை. ஒரு வாரம் ஓட்டினதில் வண்டியின் பாஷை அவருக்குப் பிடிபட்டிருந்தது. "மிதிச்ச உடனே ஒரு செகண்டு ஒண்ணுமே இல்லண்ணா. வெத்தா இருக்கு. அப்புறம் எடுக்குது, ஆனா முழு மனசோட எடுக்கல."

மறுபடி முட்டுக்காடு. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேர்டில் முப்பது மைலுக்கு வந்ததும், "முழுக்க மிதிங்க, விடாதீங்க" என்றேன். வண்டி அந்தச் சோம்பலோடு ஏறத் தொடங்கியது. நான் கையை நீட்டி டாஷ்போர்டில் இருந்த சோக் குமிழை ஓர் அங்குலம் வெளியே இழுத்தேன்.

வண்டி துள்ளியது. என் முதுகு சீட்டில் ஒட்டியது. அவர் பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டார். "என்னண்ணா பண்ணீங்க?"

எஸ்.யு. கார்பரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கிற தட்டு கிடையாது. இழுத்தால் ஜெட்டே கீழே இறங்கும். ஊசிக்கும் ஜெட்டுக்கும் நடுவில் சந்து அகலமாகி பெட்ரோல் கூடுதலாக வரும். சூடான எஞ்சினில் சோக்கை இழுத்தால் நன்றாக இருக்கிற வண்டி திணறும். திணறாமல் துள்ளினால் அது பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். முழு வேகத்தில் சாவியை அணைத்து, கிளட்சை மிதித்து ஓரமாக உருட்டி நிறுத்தி, அங்கேயே பிளக்கைக் கழற்றினோம். பீங்கான் வெளேர் என்று சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பிஸ்கட் நிறம் இருக்க வேண்டியது.

ஷெட்டுக்கு வந்து, பத்து நாள் முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எஸ்.யு.வின் அடியில் ஒரு சின்ன ஊசிப் பொத்தான் இருக்கும். ஐடிலில் அதை மெல்ல அழுத்தினால் உள்ளே பிஸ்டன் ஒரு நூல் உயரும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். ஒரு கணம் கூடி அடங்கினால் சரி. இறங்கினால் குறைவு. இரண்டிலும் எஞ்சின் தடுமாறி நிற்கப் பார்த்தது. முதல் நாளே இதைச் செய்யாததற்கு ஒரே காரணம், ஐடில் வீணை மாதிரி இருந்ததும் டிஸ்ட்ரிபியூட்டரில் திருடன் அகப்பட்டுவிட்டான் என்ற என் மிதப்பும்தான்.

எங்கேயாவது காற்று கள்ளத்தனமாக உள்ளே போகிறதா என்று மானிஃபோல்டு ஓரமெல்லாம் சொட்டு சொட்டாக எண்ணெய் விட்டுப் பார்த்தேன். எஞ்சின் சத்தம் மாறவில்லை. ஃப்ளோட் மட்டம் சரி. ஜெட்டில் அடைப்பு இல்லை. மிச்சம் இருந்தது ஜெட் நட்டு. அறுகோண நட்டு, கீழ்நோக்கித் திருப்பினால் பெட்ரோல் கூடும், மேல்நோக்கித் திருப்பினால் குறையும். ஒரு முகம், இரண்டு முகம் என்று எண்ணித்தான் திருப்புவோம். ஜெட்டை மேலே கடைசிவரை ஏற்றிப் பாலத்தோடு சமமாக்கி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது பன்னிரண்டு முகம் இறக்குவது எல்லாரும் தொடங்குகிற இடம். முன் கார்பரேட்டரின் நட்டை எண்ணிக்கொண்டே மேலே ஏற்றினேன். எட்டு முகத்தில் முட்டியது. நாலு முகம் குறைச்சல்.

எவனோ தெரியாத பயல் திருகிவைத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே பின் கார்பரேட்டருக்குப் போனேன். அதுவும் எட்டு.

அங்கே என் கை நின்றது. தெரியாதவன் திருகினால் ஒன்று ஆறில் இருக்கும், இன்னொன்று பதினைந்தில் இருக்கும். இரண்டும் ஒரு முகம்கூடப் பிசகாமல் எட்டில் நிற்கிறது என்றால் எண்ணத் தெரிந்த ஒருவன், வேண்டுமென்றே வைத்திருக்கிறான். ஏன் வைத்தான்?

"சார், இந்த வண்டியை எந்த ஊர்ல இருந்து வாங்கினீங்க?"

"குன்னூர்ணா. ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி இங்கே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குக்குக் கொஞ்சம் மேல். கார்பரேட்டருக்குக் காற்றின் எடை தெரியாது. மெல்லிய காற்றுக்கும் கிட்டத்தட்ட பழைய அளவு பெட்ரோலையே கொடுக்கும். அதனால் மலையில் கலவை கொழுத்துப்போகும், பிளக் கரியடிக்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் ஜெட்டை ஏற்றிப் பெட்ரோலைக் குறைப்பான். அப்படிக் குறைத்துவைத்த வண்டியைத்தான் லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இங்கே காற்று கெட்டி, பெட்ரோல் போதவில்லை. ஓட்டிக்கொண்டு வந்திருந்தால் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வித்தியாசம் தெரிந்திருக்கும். மலையில் இருந்து இறங்கின வண்டி நன்றாகத்தானே இழுக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் கேட்டிருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேனோ என்னவோ.

விற்ற பிள்ளைகளிடம் கேட்டு அந்த மெக்கானிக்கின் நம்பரை வாங்கிக் கொடுத்தார். போன் எடுத்தவருக்கு எண்பது வயசு இருக்கும்.

"ஐயா, வணக்கம். மெட்ராஸ்ல இருந்து பேசறேன். அந்த செவப்பு எம்.ஜி. இப்ப என்கிட்ட நிக்குது."

"அப்படிங்களா தம்பி! நல்லா இருக்குதா அது?"

"ஜெட்டு ரெண்டும் எட்டு முகத்துல இருக்குங்களே ஐயா..."

"நான்தான் வெச்சேனுங்க. கொரோனாவுக்கு முந்தி. பன்னெண்டுல வெச்சா இங்க புகை தள்ளும். அங்கயும் எட்டுலயேவா ஓட்டறீங்க?" குரலில் இருந்த அதிர்ச்சி எனக்குப் பிடித்திருந்தது. பிறகு அவரே சொன்னார்: "அங்க பன்னெண்டு பத்தாதுங்க தம்பி. இப்ப வர்ற பெட்ரோலே வேற."

அதுவும் உண்மை. இப்போது பங்கில் ஊற்றுவது இருபது சதவீத எத்தனால் கலந்தது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எத்தனாலுக்கு ஒன்பது போதும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அப்படி. ஆக, அதே ஜெட்டில் எத்தனால் கலந்ததை ஊற்றினால் கலவை இன்னும் மெலியும். மலைக்காக ஒரு தடவை குறைத்தது, கடற்கரைக்கு வந்ததில் அப்படியே பற்றாக்குறையாகி, எத்தனாலில் மேலும் ஒரு பிடி குறைந்து, வண்டி முக்கால் வயிற்றோடு ஓடிக்கொண்டிருந்தது. (எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் ஊற வைத்துப் பிய்க்கும், அவற்றை வந்த அன்றே மாற்றியிருந்தேன்.)

போனை வைக்கப் போகும்போது அவர் கேட்டார்: "டேஷ்பாட்ல எண்ணெய் பாத்தீங்களா?"

"பாத்தேங்க. மட்டம் சரியா இருக்கு."

"மட்டம் இருக்கும். என்ன எண்ணெய்னு பாத்தீங்களா? இங்க குளுருக்கு நான் தையல் மிஷின் எண்ணெய்தான் ஊத்துவேன்."

டேஷ்பாட் என்பது கார்பரேட்டரின் தலையில் இருக்கிற குப்பி. அதில் எண்ணெய் இருப்பதே, மிதித்தவுடன் பிஸ்டன் தடாலென்று தூக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதற்குத்தான். பிஸ்டன் ஒரு கணம் தாமதித்தால் காற்று வேகமாகப் பாய்ந்து பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சும். அந்தக் கூடுதல்தான் பிக்கப்பின் முதல் துளி. தையல் மிஷின் எண்ணெய் குன்னூரின் டிசம்பர்க் காலையில் சரியான கெட்டியில் இருந்திருக்கும். சென்னை வெயிலில், பானட்டுக்குக் கீழே, அது தண்ணீர். 'வெத்தா இருக்கு' என்று அவர் சொன்ன அந்த ஒரு செகண்டு அங்கேதான் இருந்தது. நான் டிப்ஸ்டிக்கைத் தூக்கி மட்டத்தைப் பார்த்தேனே தவிர, எண்ணெயை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கவில்லை.

எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு இருபது-ஐம்பது எஞ்சின் ஆயில் ஊற்றினேன். ஜெட்டைப் பன்னிரண்டில் தொடங்கி, பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்து, பதினாலில் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்துக் கேட்டு, சீறலைச் சமப்படுத்தினேன். பிளக் பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. அடுத்த ஞாயிறு நோட்டில் 6.6 எழுதினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில் தேவையே இல்லாமல் நாலு தடவை கியரை இறக்கி மிதித்தார்.

இந்த வேலைக்கு நான் பில் போடவில்லை. முதல் பில்லிலேயே இது அடங்கியிருக்க வேண்டும்.

மே மாசம் குன்னூருக்கு வண்டியை ஓட்டிக்கொண்டே போகப் போவதாகச் சொன்னார். பெரியவருக்குப் போன் போட்டேன். "எட்டுல வெக்காதீங்க தம்பி, இந்தப் பெட்ரோலுக்கு எட்டு நிக்காது. வர்றப்ப பத்துல வெச்சு விடச் சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். ஒரு சீட்டில் 'சென்னை: 14 முகம், 20-50 எண்ணெய். குன்னூர்: 10 முகம், மெல்லிய எண்ணெய்' என்று எழுதி, மேலே டேப் ஒட்டி, பானட்டின் உள்பக்கம் பதித்தேன்.

ஜூன் மாசம் வண்டி திரும்பி வந்தது. சர்வீசுக்கு பானட்டைத் தூக்கினேன். டேப்பை நகத்தால் நெம்பி எடுத்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். சீட்டில் 10 என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பென்சிலால் 11 என்று எழுதியிருந்தது.